எஞ்சினின் மூச்சு: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லைச் சாலையில் ஒரு சிறு வால்வின் வரலாறு

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே அமரவிளை, உதியங்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளை சேரும் சாலையைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. திருவிதாங்கூர் அரசின் பேருந்துத் துறை, 1956ஆம் ஆண்டின் மொழிவழி எல்லை, அமரவிளைச் சோதனைச் சாவடி, களியக்காவிளைச் சந்தை என ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அச்சாலையில் ஓடிய எஞ்சின்கள் காற்றில் எவற்றைக் கலந்தன என்னும் கேள்விக்கு மட்டும் எழுத்தில் இடம் குறைவு. அக்கேள்வி எழும் இடங்களிலும் பேச்சு சைலன்சரோடு நின்றுவிடுகிறது. மோட்டார் வண்டிக்கு மூச்சுவிடும் வாய்கள் இரண்டு. உலகில் எந்த அரசும் முதலில் கட்டுப்படுத்த முனைந்தது சைலன்சரை அன்று, மற்றொரு வாயை. அந்த வாயைக் காக்கும் கருவியே பி.சி.வி. வால்வு எனப்படும், கட்டைவிரல் அளவேயான உதிரிபாகம். அது தேய்ந்தால் மாற்றும் பொறுப்பு இன்று எந்த அலுவலகத்தின் மேசையிலும் இல்லை. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வீட்டு முற்றத்தில் காரின் முன்மூடியைத் திறந்து நிற்பவரின் கையில்தான் இருக்கிறது. பொறுப்பு அங்கு வந்து சேர்ந்த வழியைப் பின்தொடர்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இயக்கம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்பட்டு எரியும்போது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் வாயு கீழே இறங்காமல் தடுக்கின்றன. முழுமையாகத் தடுப்பதில்லை. புதிய எஞ்சினிலும் சிறிதளவு வாயு ரிங்குகளின் இடுக்கு வழியே நழுவி, எண்ணெய் தேங்கியிருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கும். இதில் பெரும்பகுதி எரியாத எரிபொருள் கலவை. எஞ்சியது எரிந்த புகையும் நீராவியும். இவை வெளியேற வழியில்லாவிடில் அறைக்குள் அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளும். எண்ணெயோடு கலந்து கரும்பிசினாகப் படியும். அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆகவே எஞ்சினுக்கு ஒரு மூச்சுத்துளை தேவை. பட்டறை மொழியில் இதற்குப் பிரீதர் என்று பெயர். எல்லையின் இருபுறத்திலும், தமிழ் பேசுவோரிடத்தும் மலையாளம் பேசுவோரிடத்தும், பெயர் அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இத்துளைக்குக் கண்ட தீர்வு எளியது. கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாயை இறக்கி, வண்டியின் அடியில் சாலையை நோக்கித் திறந்துவிட்டனர். வண்டி ஓடும்போது குழாயின் நுனியைக் கடக்கும் காற்று உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். எஞ்சினுக்கு ஆகாததெல்லாம் சாலைக்குப் போயிற்று. மாடுகள் இழுத்த வண்டிகளிடையே அரிதாக ஒரு மோட்டார் கடந்த காலத்தில் இதனை எவரும் குறையாகக் கருதியதற்குச் சான்றில்லை.

திருவிதாங்கூரின் அரசுப் பேருந்து வரலாறு தொடங்கியது இந்தத் திறந்த மூச்சின் காலத்தில்தான். இலண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் 1937இல் கண்காணிப்பாளராக அழைத்துவரப்பட்டார். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா சேவையைத் தொடங்கிவைத்தார். இங்கிலாந்திலிருந்து இறக்கிய அடிச்சட்டங்களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைப் பொருத்தி, உடற்பகுதியை உள்ளூரிலேயே மரத்தால் கட்டினர். அரசு தன் கையில் எடுத்துக்கொண்ட முதல் வழித்தடம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லும் தெற்குச் சாலை. அன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை ஏதும் இல்லை. பிரித்தானிய இந்தியாவோடு சமஸ்தானம் கொண்ட எல்லை வெகு தெற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. நெய்யாற்றுப் பாலத்தைக் கடந்த ஒவ்வொரு பேருந்தும் ஒரே அரசின் சாலையில் தன் மூச்சை இறைத்துச் சென்றது. இத்துறையைப் பற்றிய எழுத்துகளில் பயணிகள் வகுப்பும் கட்டணமும் அரச குடும்பத்தின் முதற்பயணமும் விரிவாக இடம்பெறுகின்றன; எஞ்சினின் அடியில் தொங்கிய குழாய்க்கு அங்கே இடமில்லை. தொழில்நுட்ப வரலாற்றை ஆட்சி வரலாற்றின் கிளையாக மட்டும் எழுதும் பழக்கம் இது. துளைகளும் குழாய்களும் ஆவணக்காப்பகத்தின் கோப்புகளில் தனித் தலைப்புப் பெறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் கோப்பு இல்லாததனால் வரலாறு இல்லாமற் போவதில்லை.

குழாயை மூடி, வாயுவை எஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிடும் எண்ணம் காற்றின் தூய்மையைக் கருதிப் பிறந்ததன்று. போர் அதற்குக் காரணம். ஆற்றையும் கடற்கரை நீரையும் கடக்க வேண்டிய இராணுவ வண்டிக்கு, அடியில் திறந்த குழாய் ஆபத்து. நீர் நேரே எண்ணெய்க்குள் ஏறும். பாலைவனத்தில் அதே வழியாகப் புழுதி ஏறும். ஆகவே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிராங்க் அறையை அடைத்து, வாயுவை எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கே திருப்பிவிட்டு, மீண்டும் எரியச் செய்யும் முறை பரவியது. நடுவில் ஒரு வால்வு வேண்டியிருந்தது. எஞ்சின் நிலையோட்டத்தில் இருக்கும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் மிகுதி. அப்போது வால்வின் உள்ளிருக்கும் சிறு ஊசி இழுபட்டு வழியைக் குறுக்க வேண்டும், இல்லையேல் காற்று மிகுந்து எஞ்சின் தடுமாறும். வேகம் கூடி உறிஞ்சல் குறையும்போது சுருள்வில் ஊசியைத் தள்ளி வழியை அகலமாக்க வேண்டும். மேனிஃபோல்டில் தீ பின்னோக்கி வெடித்தால் அது கிராங்க் அறைக்குள் புகாதபடி வால்வு முற்றாக மூடிக்கொள்ளவும் வேண்டும். ஓர் ஊசி, ஒரு சுருள்வில், ஒரு கூடு, மூன்று வேலைகள்.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினில் இவ்வால்வு இருந்தது. அதன் வழிவந்த குடிமக்கள் ஜீப்புகளிலும் தொடர்ந்தது. 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியதோடு அது இந்தியச் சாலைகளுக்கும் வந்தது. இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியாவில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளின் வரலாற்றை 1980களின் ஜப்பானியக் கார்களிலிருந்து, அல்லது 1990களின் விதிமுறைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். கருவியைப் பின்தொடர்ந்தால் தொடக்கம் 40 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. வெள்ளறடை போன்ற மலையோர ஊர்களின் வழிகளில் ஏறிய பெட்ரோல் ஜீப்பு, தன்னை அறியாமலேயே மூடிய மூச்சோடு ஏறியது. ஆனால் அன்று அந்த வால்வுக்கு மாசோடு எந்தத் தொடர்பும் கற்பிக்கப்படவில்லை. நீரும் புழுதியும் எண்ணெயில் கலவாமல் காப்பதே அதன் வேலை. ஒரே பொருள் இரு காலங்களில் இரு கருத்துகளைச் சுமக்கக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

இரண்டாவது கருத்து பிறந்த இடம் லாஸ் ஏஞ்சலஸ். அந்நகரின் கண்ணெரிச்சல் மூட்டத்துக்குக் காரணம் தேடியவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித். அன்னாசிப்பழத்தின் மணத்தைப் பகுத்தாய்ந்து கொண்டிருந்தவர் அவர். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். ஹைட்ரோகார்பன் காரின் எப்பகுதியிலிருந்து வருகிறது என்று தேடியபோது, கட்டுப்பாடற்ற ஒரு கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சைலன்சர் வழியாக அன்றி, அடியில் தொங்கும் அந்த மூச்சுக்குழாய் வழியாக வருவது தெளிந்தது. அதை அடைக்கும் வால்வோ ஜீப்பில் ஏற்கெனவே இருந்தது, விலையும் சொற்பம். கலிபோர்னியாவில் விற்கப்பட்ட 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அது இடம்பெற்றது. மாநில ஆணை தொடர்ந்தது. 1963 மாதிரிகளில் அமெரிக்கா முழுதும் பரவியது. 1968 மாதிரிகளுக்கான கூட்டாட்சி விதி கிராங்க் அறையிலிருந்து வாயு வெளியேறவே கூடாது என்றது.

இது பொறியாளர்களின் நல்லெண்ணத்தால் நிகழ்ந்த வளர்ச்சியாகப் பாடநூல்களில் சொல்லப்படுகிறது. அமெரிக்க நீதித்துறை 1969 ஜனவரியில் பெரிய கார் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கைப் படிப்பவர் அப்படி எண்ண மாட்டார். மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கொண்டுவருவதில் போட்டியிடாமல், கூடிப்பேசித் தாமதித்தனர் என்பது குற்றச்சாட்டு. கிராங்க் அறை வால்வும் அதில் அடக்கம். விசாரணை நடைபெறவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஆணையோடு வழக்கு முடிந்தது. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் கையில் இருந்த, மலிவான ஒரு கருவிக்கே இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது ஆவணத்தில் நிற்கிறது.

இங்கே, அதற்குள், சாலையின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென்வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது; நெய்யாற்றின்கரையைப் பரிந்துரைக்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் பாறசாலை கேரளத்தின் தென்கோடியாகவும் களியக்காவிளை சென்னை மாநிலத்தின் நுழைவாயிலாகவும் ஆயின. இஞ்சிவிளை, களியக்காவிளை, அமரவிளை என ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் கோட்டின் இருபுறமும் அப்படியே நின்றன. வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலித்தன. வண்டிகளுக்கு மட்டும் தனித்தனி அடையாளம் வேண்டியிருந்தது. இன்று பாறசாலையின் பதிவெண் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்கு கே.எல். 20, கோட்டுக்கு அப்பால் மார்த்தாண்டம் டி.என். 75. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றதில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களுக்கு இவ்விதி எத்தகைய தலைவலி என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரி, பதிவு, அனுமதி ஆகியவற்றில் இவ்வளவு கூர்மையாகத் தெரியும் எல்லை, எஞ்சின் மூச்சின் விடயத்தில் மட்டும் இருபுறமும் ஒரே மாதிரி கண்மூடியிருந்தது.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கார் வெளிவந்தது. ஜப்பான் 1970களின் தொடக்கத்திலேயே கிராங்க் அறை வாயுவைக் கட்டுப்படுத்திவிட்டிருந்ததால், சுசூகியின் எஞ்சின் வடிவமைப்பில் மூடிய மூச்சு இயல்பான பகுதியாகவே வந்துசேர்ந்தது. அதற்கு முன் இச்சாலையை ஆண்டது அம்பாசிடர். அதன் பழைய பி.எம்.சி. எஞ்சினில் பக்கமூடியிலிருந்து கீழிறங்கும் குழாய் வழியே எண்ணெய் மணத்தோடு புகை கசிவதைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு, மாருதியின் அடிப்பகுதி உலர்ந்திருந்தது ஒரு புதுமை. இதில் கவனிக்கத்தக்கது காலவரிசை. இந்தியாவில் 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு வாகன மாசைப் பற்றி மாநில அரசு அறிவுறுத்தலாம் என்றது. மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தது 1989இல். பெட்ரோல் வண்டிகளுக்கு மொத்த மாசளவு விதிக்கப்பட்டது 1991இல். ஐரோப்பியச் சோதனை முறையைத் தழுவிய, கிராங்க் அறை வாயுவுக்கெனத் தனிச் சோதனையைக் கொண்ட நிலைமுறை நாடு முழுவதும் வந்தது 2000இல். எனவே லாஸ் ஏஞ்சலஸின் சட்டமும் டோக்கியோவின் சட்டமும் உண்டாக்கிய உதிரிபாகம், தில்லியின் சட்டத்துக்கு முன்பே பாறசாலைக்கு வந்துவிட்டது. சட்டத்தின் விளைவு முன்னே வந்தது. சட்டம் பின்னே வந்தது. விதிமுறைகளின் தேதிகளை மட்டும் வரிசைப்படுத்தி மாசுக்கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதுவோர் இவ்வரிசை மாற்றத்தைத் தவறவிடுகின்றனர்.

விதிகள் வந்த பின்னும் எல்லைக் கிராமங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010இல் பாரத் நிலை 4 நடைமுறைக்கு வந்தபோது அது 13 பெருநகரங்களுக்கு மட்டும் உரியது. சென்னை அதில் இருந்தது; திருவனந்தபுரமும் கொச்சியும் இல்லை. ஆகையால் அவ்வாண்டு பாறசாலையில் பதிந்த காரும் மார்த்தாண்டத்தில் பதிந்த காரும் ஒரே நிலை 3. இரு மாநிலங்களின் விளிம்பும் இவ்வகையில் ஒன்றே. நாடு முழுவதற்கும் நிலை 4 வந்தது 2017 ஏப்ரலில்.

இவையெல்லாம் கார் தொழிற்சாலையை விட்டுப் புறப்படும் நாளைப் பற்றிய விதிகள். புதிய கார் மாதிரி ஒன்றுக்கு அனுமதி வழங்கும்போது கிராங்க் அறையிலிருந்து வாயு கசிகிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கின்றனர். அதன்பின் அந்தக் காரின் வாழ்நாளில் எவரும் அதைப் பார்ப்பதில்லை. சாலையோரப் புகைச் சோதனை நிலையத்தில் நுழைக்கும் குழாய் சைலன்சருக்குள் மட்டுமே செல்கிறது. நிலை 4 பெட்ரோல் காருக்கு நிலையோட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்ற வரம்பும், நிலை 2க்கு முந்தைய காருக்கு 3 விழுக்காடும் 1500 பி.பி.எம். என்ற வரம்பும் அங்கு பார்க்கப்படுகின்றன. வால்வின் குழாய் வெடித்து, கிராங்க் அறை வாயு முன்மூடிக்கு அடியிலேயே கசிந்துகொண்டிருந்தாலும் சைலன்சரின் எண் நன்றாக இருக்கக்கூடும். பழைய கார்புரேட்டர் காரில் இன்னும் விந்தை: வெடித்த குழாய் வழியே மிகுதியான காற்று மேனிஃபோல்டுக்குள் புகுவதால் கலவை மெலிந்து, கார்பன் மோனாக்சைடு அளவு குறைந்துகூடத் தோன்றலாம். சான்றிதழ் கிடைத்துவிடும். வரலாற்றில் முதலில் கட்டுப்படுத்தப்பட்ட மாசு, நடைமுறையில் எவரும் சோதிக்காத மாசாக முடிந்திருக்கிறது. கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் இந்நிலையில் வேறுபாடு இல்லை.

ஆகவே முற்றத்தில் நடக்கும் வேலை சிறியதாயினும் அற்பமானதன்று. தேய்ந்த வால்வு இரண்டு விதமாகக் கெடும். ஊசி திறந்தபடி சிக்கினால் நிலையோட்டம் தடுமாறும், விசில் போன்ற ஓசை எழும், எண்ணெய் மேனிஃபோல்டுக்கு உறிஞ்சப்பட்டுக் குறையும். மூடியபடி சிக்கினால் அறைக்குள் அழுத்தம் ஏறி, டேப்பட் கவர் ஓரத்திலும் ஆயில் சீலிலும் எண்ணெய் கசியும். எண்ணெய் அளக்கும் கம்பி தன் இருக்கையிலிருந்து எழும்பி நிற்பதும் உண்டு. எண்ணெய் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மெல்ல நஞ்சாக்கும். அப்போது மலிவான ஊசி ஒன்றின் கேடு, விலையுயர்ந்த கருவியைத் தின்றுவிடும். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் பாலாடை போன்ற வெண்படலம், எண்ணெய் மூடியின் அடியில் நீராவி குளிர்ந்து உண்டாவது. இங்குள்ள வெப்பத்தில் அது அரிது. இங்கே காண்பது கரும்பிசின்: சந்தைக்கும் பள்ளிக்குமாகக் குறுந்தொலைவு மட்டும் ஓடி, எண்ணெய் மாற்றும் தவணையையும் தள்ளிப்போட்ட கார்களில் படிவது.

மாற்றும் முறை நெடுநாளாக மாறவில்லை. எஞ்சின் ஆறிய பின் டேப்பட் கவரின் மேலுள்ள வால்விலிருந்து குழாயின் கிளிப்பைக் குறட்டால் நெரித்துத் தளர்த்தி, குழாயைத் திருகியபடியே இழுக்க வேண்டும். இழுக்கும் வேகத்தில் பழைய ரப்பர் கிழிவது வழக்கம். ஆகவே அனுபவசாலிகள் குழாயையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வர். வால்வு சில கார்களில் மரையால் பொருத்தப்பட்டிருக்கும், பிறவற்றில் ரப்பர் வளையத்துக்குள் அழுத்தப்பட்டிருக்கும். வெயிலிலும் எண்ணெய்ச் சூட்டிலும் கல்லான அந்த வளையம் உடைந்து எஞ்சினுக்குள் விழுந்துவிடாமல் காப்பதே இவ்வேலையில் உள்ள ஒரே நுட்பம். கழற்றிய வால்வைக் காதருகில் குலுக்கினால் ஊசி கலகலக்க வேண்டும். ஒருபுறம் ஊதினால் காற்று செல்ல வேண்டும், மறுபுறம் செல்லலாகாது. புதியதைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டு, குழாயை மேனிஃபோல்டுப் பக்கமே விட்டு வால்வை மட்டும் கவரிலிருந்து எடுத்து அதன் வாயில் விரல் வைத்தால் உறிஞ்சல் உணரப்பட வேண்டும். அம்புக்குறி இருந்தால் அது மேனிஃபோல்டை நோக்கியிருக்க வேண்டும்.

இந்த அறிவு மூன்று வழிகளில் இவ்வூர்களுக்கு வந்தது. தனுவச்சபுரத்தில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற நிறுவனங்களின் மோட்டார் மெக்கானிக் பாடத்திட்டம் ஒன்று. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளின் பட்டறைகளில் அமெரிக்க, ஜப்பானியக் கார்களைப் பழுதுபார்த்துத் திரும்பியோரின் கைப்பழக்கம் இரண்டு. வீடு தோறும் கார் பெருகிய பின், பார்த்துப் பார்த்துத் தாமே செய்யத் துணிந்த உரிமையாளர்களின் முயற்சி மூன்று. இவற்றினிடையே ஒரு பழைய பூசல் இன்றும் நடக்கிறது: வால்வைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவிப் போடலாமா, புதியதுதான் வேண்டுமா என்பது. கழுவுவது ஜீப்புக் காலத்து மரபு. கூட்டைத் திறந்து துடைக்கும்படி அக்காலத்து வால்வுகள் செய்யப்பட்டிருந்தன. பின்வந்த வால்வுகள் திறக்க முடியாதவை. கழுவினால் பிசின் கரையும். தளர்ந்த சுருள்வில் மீளாது, தேய்ந்த ஊசி வளராது. ஊசி எவ்வளவு உறிஞ்சலில் எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கே வால்வின் உயிர் என்பதால், மாற்றுவோர் பக்கமே நியாயம் மிகுதி. சிக்கனத்தைக் குறைசொல்ல இது இடமில்லை. விலை சிறிது என்பதால் இங்கே சிக்கனத்துக்கு வேலையும் இல்லை.

வழியில் ஒரு செய்தி. வெள்ளறடை, குன்னத்துக்கால் பக்கத்திலும் கோட்டுக்கு அப்பால் குமரி மாவட்டத்திலும் ரப்பர் மரங்கள் நிறைந்த சரிவுகள் உண்டு. ஆனால் அம்மரங்களின் பாலிலிருந்து இந்த வால்வின் குழாயையோ வளையத்தையோ செய்ய இயலாது. இயற்கை ரப்பர் எஞ்சின் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். இங்கே பயன்படுவது எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர். காலையில் பால்வெட்டித் திரும்புபவர் தன் காருக்குக் கடையில் வாங்கும் ரப்பர் வேறொரு வேதியியலின் பிள்ளை.

இவ்வேலை வீட்டில் நடந்த காலம் முடியவும் தொடங்கிவிட்டது. அண்மை ஆண்டுகளின் பல எஞ்சின்களில் வால்வும் எண்ணெயைப் பிரிக்கும் அறையும் டேப்பட் கவரின் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகவே வார்க்கப்படுகின்றன. ஊசிக்குப் பதில் ரப்பர்ச் சவ்வு. சவ்வு கிழிந்தால் முழுக் கவரையும் வாங்க வேண்டும். அதைக் கழற்ற இக்னிஷன் காயில்களையும் மின்கம்பித் தொகுதியையும் பிரிக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது போல்ட்டுகளைக் குறித்த வரிசையில் குறித்த அழுத்தத்துக்கு முறுக்க வேண்டும். கசிவைக் குறைப்பதற்கே இந்த மாற்றம் என்பது நிறுவனங்களின் விளக்கம். அதில் உண்மை உண்டு, பொருத்துமிடங்கள் குறைந்தால் கசிவும் குறையும். ஆனால் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் துறை 2022இல் இணையவாயில் திறந்த அதே காலத்தில், அரை மணி நேர முற்றத்து வேலை ஒன்று பட்டறை வேலையாக மாறிவருகிறது. கண்காணிக்க அலுவலகம் இல்லாத ஒரு மாசை இதுகாறும் கண்காணித்தது உரிமையாளரின் காதும் விரலுமே. அவர்களிடமிருந்து வேலையை எடுத்துக்கொண்டவர்கள் கண்காணிப்பையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பேருந்துகளின் கதை தனி. டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் திராட்டில் இல்லாததால் மேனிஃபோல்டில் வலுவான உறிஞ்சல் இல்லை. பெட்ரோல் காரின் ஊசி வால்வு அங்கே பயன்படாது. அதனால் இச்சாலையின் முதல் மூச்சான டீசல் பேருந்தின் மூச்சு, கார்களுடையது மூடப்பட்ட பின்னும் நெடுங்காலம் திறந்தே இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் நிலை 6 விதிகளின்படி, புதிய கனரக டீசல் எஞ்சினின் கிராங்க் அறை வாயு நேரே வெளிக்காற்றில் விடப்படலாகாது. விடுவதாயின், சோதனையில் அதை சைலன்சர்ப் புகையின் கணக்கோடு சேர்த்தாக வேண்டும். சால்ட்டரின் பேருந்துகள் தெற்குச் சாலையில் ஓடத் தொடங்கியதிலிருந்து இது 82ஆம் ஆண்டு. அதற்கு முன் வாங்கப்பட்டு இன்னும் ஓடும் பேருந்துகளை இவ்விதி தொடாது. களியக்காவிளை நிலையத்தில் இரு மாநிலப் பேருந்துகளும் அருகருகே நின்று எஞ்சினை ஓடவிட்டிருக்கும்போது, பழைய வண்டிகளின் அடியில் குழாயின் நுனியிலிருந்து மெல்லிய நீலப்புகை இன்றும் தரையை நோக்கி இறங்குகிறது. அதன் கீழே தார்ச்சாலையில் எண்ணெய்ப் பொட்டுகள்.